மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்குக் கட்டிலும் மேசையும்: எந்த மரம், எந்தப் பசை, எந்த மெருகு?

கோரைக்கரை

வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது. ஆஸ்துமா இருக்கிறது, முழங்கை மடிப்பில் கரப்பான் என்னும் தோல் அரிப்பும் வந்து போகிறது. திருச்சியில் நாங்கள் புதிதாகக் குடியேறியிருக்கும் வீட்டில் அவளுடைய அறைக்கு ஒற்றைக் கட்டில், படிப்பு மேசை, புத்தக அலமாரி மூன்றும் வேண்டும். கடை கடையாக ஏறி இறங்கிவிட்டோம். சில அலமாரிகளின் கதவைத் திறந்ததுமே கண் எரிகிறது. எனக்கே இப்படி என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? தெரிந்த தச்சர் ஒருவர், "பிளைவுட்டில் மைக்கா ஒட்டித் தருகிறேன், பல ஆண்டுகளுக்கு அசையாது" என்கிறார்.

என் கணவருக்குத் தச்சு வேலையில் கை உண்டு. ரம்பம், உளி, இழைப்புளி, டிரில் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. நாமே செய்துவிடலாம் என்பது அவர் விருப்பம். என் நிபந்தனை இரண்டு. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். காட்டை அழித்து வந்த மரமாக இருக்கக் கூடாது. எங்கே தொடங்கலாம்?

வெண்மருதம்

பிசின் தயாரிக்கும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் பசையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கண் எரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

துகள் பலகை, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), சாதாரண பிளைவுட் மூன்றிலும் வழக்கமாக இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். விலை மலிவு, சீக்கிரம் இறுகும், நிறமும் தெரியாது. ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு சிறிது சிறிதாக உடைந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். புதுப் பலகையில் அதிகம். போகப் போகக் குறையும், அடியோடு நிற்பதற்கு ஆண்டுகள் ஆகும். கோடையில் பூட்டிக் கிடக்கும் திருச்சி வீட்டு அறையைவிட அதற்கு வசதியான இடம் கிடையாது. வீட்டுக் காற்றில் இது கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, அரை மணி நேரச் சராசரியாக. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது.

பிளைவுட்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை பெற்ற மரைன் பிளைவுட்டில் இருப்பது பீனால் ஃபார்மால்டிஹைடு. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம்; இறுகிவிட்டால் எளிதில் உடையாது, வாயுக் கசிவு மிகக் குறைவு. கடையில் பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஓடினால் பீனால் பிசின். வெளிறிக் கிடந்தால் யூரியா. சாயம் கலந்து விற்கிறவர்களும் இருப்பதால் முத்திரையையும் பில்லையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. வாயுக் கசிவுக்கென்று தனியாக இ-1, இ-0 என்ற தரங்கள் உண்டு. எண் சிறியதானால் கசிவும் குறைவு. கேட்டுத்தான் வாங்க வேண்டும். தானாகச் சொல்ல மாட்டார்கள்.

மைக்கா ஒட்டினால் வாயு அடைபட்டுவிடும் என்பது பாதி உண்மை. முகப்பு அடைபடும். ஓரங்களும், கீல் பதிக்கத் துளைத்த குழிகளும், சுவரைப் பார்த்த பின்பக்கமும் திறந்தே கிடக்கும்.

இழைப்புளி

கும்பகோணத்தில் மூன்று தலைமுறையாகத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறோம். அம்மா, உங்கள் கணவருக்குக் கை இருக்கிறது என்றால் பிளைவுட் பேச்சையே விடுங்கள். ஒற்றைக் கட்டிலுக்கும் ஒரு மேசைக்கும் முழு மரம் போதும். அலமாரிக்கு மட்டும் பின்னால் யோசிக்கலாம்.

தேக்கு நல்ல மரம்தான், ஆனால் பிள்ளையின் கட்டிலுக்குத் தேக்கு வாங்குவது கௌரவச் செலவு. வேம்பு, மா, பலா, பூவரசு, வாகை எல்லாம் தோப்பிலும் வரப்பிலும் நிற்கிற மரங்கள். காட்டுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. பலா இழைக்கச் சுகமான மரம். தஞ்சாவூரில் வீணைக் குடம் குடைவதும் அதில்தான். மாமரம் மலிவு, ஆனால் பதப்படுத்தாத மாவில் வண்டு விழும். இரண்டே ஆண்டில் உளுத்து மாவாகக் கொட்டும். வேம்பில் பூச்சி சீக்கிரம் ஏறாது. அதற்கு முறுக்கிக்கொள்ளும் குணம் உண்டு, காய்ந்த மரமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

எதை வாங்கினாலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதியாக இருக்கட்டும். அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருக்கிறது, பூச்சி தேடி வருவது அதைத்தான். காற்றில் காய வைப்பதென்றால் ஓர் அங்குலப் பருமனுக்கு ஓராண்டு என்பது எங்கள் கணக்கு. "நேற்றுதான் அறுத்தது, பச்சையாக இருந்தால் இழைக்க எளிது" என்று மரவாடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பச்சை மரத்தில் செய்த மேசை பங்குனியில் வாய் பிளக்கும்.

சும்மாகேட்கிறேன்

ஒரு சந்தேகம். மரத்தை வெட்டிக் கட்டில் செய்வது சூழலுக்கு நல்லது, மிச்ச மரத்தை உரித்து ஒட்டிச் செய்யும் பிளைவுட் கெட்டது என்பது எந்த ஊர்க் கணக்கு?

வெண்மருதம்

நியாயமான கேள்வி. பிளைவுட் மிச்ச மரத்தில் செய்வதல்ல, உருட்டுமரத்தைச் சுற்றிச் சுற்றிச் சீவி எடுப்பது. ஆனாலும் நம் நாட்டுப் பிளைவுட்டில் பெரும்பகுதி காட்டு மரமில்லை. ஹரியானாவின் யமுனாநகர் ஆலைகளுக்குப் பாப்லரும் தைலமரமும் வயலிலிருந்து வருகின்றன. கேரளத்தின் பெரும்பாவூருக்கு ரப்பர் மரம் போகிறது. தமிழ்நாட்டில் பிளைவுட்டுக்கென்றே மலைவேம்பு நடுகிறார்கள். அந்த வகையில் பிளைவுட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இந்த உரையாடலில் நாம் அதைத் தள்ளி வைப்பது பிள்ளையின் மூச்சுக்காக. இரண்டு காரணத்தையும் ஒன்றாகக் குழைத்தால்தான் "இயற்கை" என்று அட்டையில் அச்சடித்து எதையும் விற்க முடிகிறது.

குழித்துறை

ரப்பர் மரம் என்று பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். ஒரு ரப்பர் மரம் சுமார் 25 முதல் 30 ஆண்டுகள் பால் தரும். பிறகு வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் அது விறகுக்குப் போனது. இப்போது பதப்படுத்தி, சிறு துண்டுகளை விரல்கோர்த்ததுபோல் இணைத்துப் பலகையாக விற்கிறார்கள். எப்படியும் வெட்டப்போகும் மரம் என்பதால் உங்கள் இரண்டாவது நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வெளிர் நிறம், நேரான இழை, சிராய் குறைவு.

ஆனால் பச்சை ரப்பர் மரத்தைப் பூஞ்சையும் வண்டும் உடனே பிடிக்கும். அறுத்த சூட்டோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்த வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய வேலை அல்ல அது. உலர்த்திய பலகையாகவே வாங்குங்கள். வாங்கும்போது பலகையை எந்தப் பசையால் இணைத்தார்கள் என்றும் கேளுங்கள். வெள்ளைப் பசை (பி.வி.ஏ.; ஃபார்மால்டிஹைடு பிசின் அல்ல) என்றால் எடுங்கள். வெயில் மழை படும் இடத்தில் மட்டும் ரப்பர் மரம் வேண்டாம்.

கோரைக்கரை

ரப்பர் என்றதும் ஒரு பயம். பல் மருத்துவமனையில் கையுறை பட்டு மகளின் உதடு வீங்கியது. லேடெக்ஸ் ஒவ்வாமை இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ரப்பர் மரக் கட்டில் அவளுக்கு ஆகுமா?

நெஞ்சகம்

நுரையீரல் மருத்துவன். இணையத்தில் யாருக்கும் சிகிச்சை சொல்வதில்லை, பொதுவாகச் சொல்வதைப் பொதுவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பால் ஓடுவது பட்டையின் உட்பகுதியில். மரக்கட்டையில் அந்தக் குழாய்கள் இல்லை. கட்டையைப் பதப்படுத்தி உலர்த்தி மெருகும் பூசிய பிறகு, கையுறையோடு அதை ஒப்பிட முடியாது. ஆனால் உங்கள் கவனம் போக வேண்டிய இடம் மெத்தை. தென்னை நார் மெத்தை என்று விற்பவற்றில் பல, நாரின்மீது ரப்பர் பாலைத் தெளித்து இறுக்கியவை. "இயற்கை லேடெக்ஸ்" மெத்தைகளைச் சொல்லவே வேண்டாம். பரிசோதனை முடிவு வரும் வரை இரண்டையும் வாங்காதீர்கள்.

இனி இந்த உரையாடலின் போக்கைப் பற்றி. எல்லோரும் மரத்தின் பெயரையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஃபார்மால்டிஹைடு மூச்சுக்குழலை எரிச்சலூட்டும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும், உண்மை. ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளின் ஒவ்வாமைப் பட்டியலில் மேலே நிற்பவை தூசிப்பூச்சி, கரப்பான்பூச்சி, பூஞ்சை. இவை மூன்றுக்கும் வீடு கட்டிக் கொடுப்பது மரச்சாமானின் வடிவம். பெட்டி வைத்த கட்டில், பஞ்சு தைத்த தலைப்பலகை, சுவரோடு ஒட்டிய அலமாரி, தரைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே விரல் நுழையாத சந்து: நீங்கள் எவ்வளவு உயர்ந்த மரத்தில் செய்தாலும் இந்த நான்கும் இருந்தால் பயன் இல்லை.

கட்டில் கால் உயரமாக இருக்கட்டும். ஈரத் துடைப்பம் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக வேண்டும். மெத்தைக்கு அடியில் முழுப் பலகை வேண்டாம், இடைவெளி விட்ட சட்டங்கள் போதும். வியர்வை ஈரம் காய வழி கிடைக்கும். அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் அந்தச் சுவர் ஓதம் ஏறும், பின்பலகையில் பூஞ்சை படரும், நீங்கள் பொங்கலுக்கு வெள்ளையடிக்க நகர்த்தும்போதுதான் பார்ப்பீர்கள்.

சும்மாகேட்கிறேன்

இப்படியெல்லாம் செய்தால் ஆஸ்துமா போய்விடுமா, டாக்டர்?

நெஞ்சகம்

போகாது. மெத்தைக்கு உறை மாட்டுவது போன்ற ஒற்றை ஏற்பாடுகளால் ஆஸ்துமா அடங்கும் என்பதற்கு ஆய்வுகள் தெளிவான சான்று தரவில்லை. தூண்டுதல்களைக் குறைக்கிறோம், அவ்வளவுதான். இன்ஹேலரை நிறுத்திவிட்டுக் கட்டிலை நம்பாதீர்கள். இப்படிச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வவுனியா வடலி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் தளபாடம் என்றால் முதிரை, பாலை, வேம்பு. முதிரையில் கதிரை செய்தால் பேரப்பிள்ளை வரை இருக்கும், தங்கம் போன்ற மினுமினுப்பு. உங்கள் ஊரில் பொரசு என்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த மரத்தை அறுக்கிறவர்களின் கைகளைப் பார்த்தால் விருப்பம் போய்விடும். முதிரைத் தூள் தோலில் பட்டுக் கொப்புளம் எழும்புவது இன்று நேற்றுக் கண்டதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இதை இறக்குமதி செய்து வேலை பார்த்த பிரித்தானியத் தொழிலாளருக்கு வந்த தோல் நோயை அந்த நாட்டு மருத்துவ ஏடு பதிவு செய்திருக்கிறது. கரப்பான் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அதை இழைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். வேம்பு போதும். எங்கள் வீட்டில் அலுமாரி, மேசை எல்லாம் வேம்புதான்.

இழைப்புளி

வவுனியாக்காரர் சொல்வது சரி. பட்டறையில் இருக்கிறவனுக்குத் தெரியும், பழுதில்லாத மரமும் தூளாகும்போது வேறு குணம் காட்டும். தேக்குத் தூள் பட்டுக் கழுத்தும் கையும் தடித்துப்போய் வேலையை விட்ட ஆள் எங்களிடமே உண்டு. தோதகத்தி (ஈட்டி மரம்) அதைவிட மோசம். அது எப்படியும் உங்களுக்கு வேண்டாம். தமிழ்நாட்டில் அந்த மரத்தைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள். வேப்பந்தூள் மூக்கில் ஏறினால் தும்மல் அடங்காது.

வெண்மருதம்

தேக்கில் லப்பச்சால் வகைச் சேர்மங்கள், தோதகத்தியில் டால்பர்ஜியோன்கள். தோலை உணர்வேற்றும் பொருள்கள் இவை. ஒருமுறை ஒவ்வாமை பதிந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் தோல் தடிக்கும். மெருகு ஏறிய தேக்குச் சாமான் பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. ஆபத்து அறுக்கிறவருக்கும் தேய்க்கிறவருக்கும். கடினமரத் தூளையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் அதே முதல் பிரிவில்தான் வைத்தது. அதாவது ஃபார்மால்டிஹைடுக்குப் பயந்து பிளைவுட்டைத் தவிர்த்தவர், மூடிய அறையில் முகக்கவசம் இல்லாமல் மரம் தேய்த்தால் தவிர்த்ததன் பொருள் என்ன?

வேலையை மொட்டை மாடியிலோ கொல்லையிலோ வைத்துக்கொள்ளுங்கள். என்-95 கவசம் அணியுங்கள். கைக்குட்டை கட்டுவது கவசம் ஆகாது. மின்சாரத் தேய்ப்புக் கருவி எழுப்பும் நுண்தூள்தான் நுரையீரலுக்குள் போகிறது. இழைப்புளி தள்ளினால் சுருள் சுருளாகச் சீவல் விழுமே தவிர, காற்றில் மிதக்கும் தூள் குறைவு. வேலை செய்த சட்டையோடு பிள்ளையின் அறைக்குள் போக வேண்டாம். உங்கள் மகள் அந்த நாள்களில் பாட்டி வீட்டில் இருப்பது உத்தமம்.

மண்ணடிவாசி

இவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். சென்னைத் துறைமுகப் பக்கம் சரக்கு இறக்கிய பைன் மரத் தட்டுகள் (பேலட்) மலிவாகக் கிடைக்கின்றன. கழற்றி ஆணி பிடுங்கி இழைத்துப் புத்தக அடுக்கு செய்திருக்கிறேன். மறுபயன்பாடு என்றால் இதுதானே?

வெண்மருதம்

நல்ல வழிதான், தட்டின் பக்கவாட்டில் சூடு போட்ட முத்திரையைப் படித்துவிட்டால். கோதுமைக் கதிர் படமும் பன்னாட்டுக் குறியும் இருக்கும். பக்கத்தில் எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாததையும், எண்ணெயோ ரசாயனமோ சிந்திக் கறை பிடித்ததையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதன்மேல் என்ன சரக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, பைனில் பிசின் உண்டு. அந்தப் பிசினிலிருந்து எடுக்கும் ரோசினுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பசை ஒட்டும் பிளாஸ்திரியே தோலைத் தடிக்க வைக்கும். அவர்களுக்குப் பைன் வேண்டாம்.

குழித்துறை

பழைய மரம் வேண்டும் என்றால் காரைக்குடி. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூணும் உத்தரமும் நிலையும் அங்கே விற்பனைக்கு வருகின்றன. பர்மாத் தேக்கு, நூறாண்டு காய்ந்தது. இனி முறுக்கவோ வெடிக்கவோ அதில் என்ன இருக்கிறது?

இழைப்புளி

மரம் நல்ல மரம்தான். ஆனால் பெயின்ட் அடித்திருந்தால் தொடாதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம்.

வெண்மருதம்

அண்ணன் ஒரு வரியில் சொல்லிவிட்டார், நான் அடிக்கோடு இடுகிறேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய பச்சையும் மஞ்சளும் சிவப்பும் பூசிய கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் வீடு முழுவதும் படியும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் எமன். எண்ணெய் மட்டும் பூசிய தூணோ பெயின்ட் படாத உத்தரமோ கிடைத்தால் தாராளமாக எடுங்கள்.

சும்மாகேட்கிறேன்

சீமைக்கருவேலத்தை யாரும் சொல்லவில்லையே. ஊரெல்லாம் வெட்டச் சொல்கிறார்கள், 2017-இல் உயர் நீதிமன்றமே சொன்னது. இலவசமாகவே கிடைக்குமே?

இழைப்புளி

விளையாட்டாகக் கேட்டாலும் விஷயம் இருக்கிறது. கரிமூட்டத்துக்குப் போகிற மரம் என்று எல்லோரும் தள்ளிவைக்கிறார்கள். ஆனால் கனமான மரம், காயும்போது அதிகம் சுருங்காது. தொல்லை என்னவென்றால் ஒரு முழம் நேராக இருந்தால் மறு முழம் கோணும். நீளச் சட்டம் கிடைக்காது. மேசைக் கால், முக்காலி, கைப்பிடி, அலமாரியின் குறுக்குச் சட்டம் என்று குட்டை வேலைகளுக்கு எடுக்கலாம். உளி அடிக்கடி தீட்ட வேண்டும். முள்ளைக் கழித்து அறுவைக்குத் தூக்கிவருவதற்குள் இலவசம் என்ற பேச்சு மறந்துவிடும்.

நெஞ்சகம்

அதன் மகரந்தம் பேர்போன ஒவ்வாமைப் பொருள். வெட்டி எடுப்பதென்றால் பூக்காத காலத்தில், மகளை அழைத்துப் போகாமல். காய்ந்து இழைத்த கட்டையில் அந்தப் பிரச்சினை இல்லை.

மண்ணடிவாசி

களைச்செடி என்றால் உண்ணிச்செடியையும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் சோளகர் பழங்குடியினர் அதன் தண்டை வேகவைத்துப் பட்டை உரித்து, வளைத்து நாற்காலியும் சோபாவும் செய்கிறார்கள். பார்ப்பதற்குப் பிரம்பு போலவே இருக்கும். கூடலூர்ப் பக்கத்தில் அதே தண்டில் ஆளுயர யானைகள் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். படிப்பு மேசைக்கு முன்னால் போடும் நாற்காலியை அப்படி வாங்கிவிடலாமே. எல்லாவற்றையும் நாமே செய்யத்தான் வேண்டுமா?

கோரைக்கரை

நாற்காலிக்கு அது நல்ல யோசனை. எல்லோருக்கும் நன்றி. கட்டிலுக்கும் மேசைக்கும் ரப்பர் மரமா வேம்பா என்பதை மரவாடியில் கிடைப்பதைப் பார்த்து முடிவு செய்கிறோம். இரண்டு கேள்விகள் மீதம். ஒன்று, பசை இல்லாமல் செய்ய முடியுமா? இரண்டு, மெருகு. கடையில் பி.யு. (பாலியூரித்தேன்) அடியுங்கள், கண்ணாடி போல் இருக்கும் என்கிறார்கள். என் மாமனார் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினால் செல் அரிக்காது என்கிறார்.

இழைப்புளி

மாமனார் சொன்னது உத்தரத்துக்கும் படகுக்கும். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். கட்டிலுக்கு வேண்டவே வேண்டாம்.

பசை இல்லாமல் கட்டில் தாராளமாகச் செய்யலாம். காலில் துளை வெட்டி, சட்டத்தில் கழுந்து (துளைக்குள் நுழையும் முனை) எடுத்து, இறுகப் பொருத்தி, குறுக்கே மூங்கில் ஆணி அறைந்தால் போதும். எங்கள் தாத்தா செய்த கட்டில்களில் பசை என்பதே கிடையாது. வீடு மாற்றும்போது கழற்ற வேண்டும் என்றால் மூங்கில் ஆணிக்குப் பதில் போல்ட் போடுங்கள். மேசைப் பலகைக்கு மட்டும் பசை வேண்டும்; நான்கு அங்குலப் பட்டைகளாகப் பக்கம் பக்கமாக ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை எடுங்கள். பழைய வச்சிரப் பசையும் நல்லதுதான், ஆனால் மாட்டுத் தோலில் காய்ச்சுவது, மழைக்காலத்தில் நெகிழும்.

மேசைப் பலகையைச் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கிவிடாதீர்கள். மரம் அகலவாக்கில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். சட்டத்தில் துளையை நீள்வட்டமாக எடுத்துத் திருகுங்கள், பலகைக்கு நகர இடம் கிடைக்கும்.

வெண்மருதம்

மெருகுக்கு வருகிறேன். கண்ணாடி போல் பளபளக்கும் அந்தப் பி.யு. இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பது. ஒரு டப்பாவில் ஐசோசயனேட் இருக்கிறது. தெளிப்பான் பிடிக்கும் தொழிலாளர்களுக்கே ஆஸ்துமா வரவழைக்கும் பொருள் அது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள வீட்டில் அடிக்க வேண்டாம். மெலமைன் மெருகு என்று இன்னொன்று சொல்வார்கள். அது இறுகும்போது ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். எதற்குத் தப்பி ஓடினோமோ அது தூரிகை வழியாகத் திரும்பி வரும்.

என் தேர்வு அவலரக்கு, அதாவது ஷெல்லாக். ஜார்க்கண்ட் பக்கம் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரப்பது. மாத்திரைகளின் மேல்பூச்சுக்கும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் போட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு வடிகட்டுங்கள். பஞ்சைத் துணியில் பொதிந்து மெல்லிய பூச்சுகளாகத் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட் சீக்கிரம் ஆவியாகிவிடும். நெருப்புப் பக்கத்தில் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சில நாள்களில் வாடை போய்விடும். பிறகும் ஒரு வாரம் வெளியே வைத்திருந்து உள்ளே கொண்டு போங்கள். அரக்குக்கும் தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு, அரிதாக. பூசிய மரத்துண்டு ஒன்றை முதலில் கொடுத்துப் பழக விட்டுப் பாருங்கள்.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் அரக்கு போதும். மேசைக்கு அது ஆகாது. சூடான பால் தம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். மேசைக்கு நீர் கலந்த ஒற்றை டப்பா வார்னிஷ், வாடை குறைவானதாகப் பார்த்து வாங்குங்கள்.

குழித்துறை

லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஏன் கூடாது? முழுக்க விதையிலிருந்து வருவதுதானே.

வெண்மருதம்

கூடாது என்றில்லை. ஆனால் அது காற்றோடு சேர்ந்து இறுகுவது. வாரக்கணக்கில் ஆல்டிஹைடு வாடை விடும், சில மூச்சுக்குழல்களுக்கு அதுவே போதும். காய்ச்சிய லின்சீட் என்று விற்பதில் சீக்கிரம் உலர்வதற்காகக் கோபால்ட் போன்ற உலோக உப்புகளைக் கலந்திருப்பார்கள். பூசுவதென்றால் வேலை முடிந்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

வவுனியா வடலி

மெத்தையை யாரும் முடிக்கவில்லை. லேடெக்ஸ் வேண்டாம் என்றால் இலவம்பஞ்சா?

நெஞ்சகம்

இலவம்பஞ்சு புதிதாக இருக்கும்வரை குற்றமில்லை. பழசானதும் தூசிப்பூச்சி எந்தப் பஞ்சையும் விட்டுவைக்காது, ஏனென்றால் அது தின்பது பஞ்சை அல்ல, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளை. நெருக்கமாக நெய்த, முழுவதும் மூடும் உறை மாட்டி, விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெயிலில் மெத்தையைப் போட்டு அடிக்கும் வேலையை மகள் இருக்கும் இடத்தில் செய்யாதீர்கள்.

கோரைக்கரை

குறித்துக்கொண்டேன். கடைசியாக, மெத்தை அளவு 75-க்கு 36 அங்குலம். எவ்வளவு மரம் வாங்குவது? மெத்தைக்கு அடியில் சட்டங்களுக்கு நடுவே எவ்வளவு விடுவது?

இழைப்புளி

கால் நான்கு: 3-க்கு 3 அங்குலக் கட்டை, ஒன்றரை அடி நீளம். நீளச் சட்டம் இரண்டும் குறுக்குச் சட்டம் இரண்டும் 6 அங்குல அகலம், ஒன்றரை அங்குலப் பருமன். நடுவில் தாங்க 3 அங்குல அகலத்தில் ஒரு நீளச் சட்டம். மேலே 3 அங்குல அகலம், முக்கால் அங்குலப் பருமனில் பதினான்கு ரீப்பர் (குறுக்குப் பட்டை). இடைவெளி இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும், அதற்கு மேல் போனால் மெத்தை தொய்யும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை கன அடி. சேதாரத்தோடு மூன்று வாங்குங்கள். தலைப்பலகை வேண்டும் என்றால் அதற்குத் தனி. பஞ்சு வைக்காமல் வெறும் சட்டங்களாக விடுங்கள், துடைக்க எளிது.

வேம்பு வாங்குவதாக இருந்தால் மரவாடியில் அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெள்ளையையும் பட்டையோரத்தையும் சேர்த்துத்தான் நாடா பிடிப்பார்கள். வைரத்தை மட்டும் அளந்து பணம் கொடுங்கள்.